ரெஸ்யூமேயிலிருந்து நீ வெட்டிய வரி

மகனே,

இதை உனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இரண்டு நீலக் கோடு விழும், கீழே ஒரு கட்டைவிரல் விழும், அத்தோடு விடயம் முடிந்துவிடும். அதனால்தான் ஸ்காபரோத் தமிழ்க் கடைகளின் வாசலில் அடுக்கி வைக்கிற இந்த இலவசப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். உன் அம்மா மரக்கறி வாங்கப் போகும்போது ஒன்று எடுத்து வருவாள். சாப்பாட்டு மேசையில் விரித்து வைப்பாள். நீ அதைத் தாண்டித்தான் தேத்தண்ணி போடப் போகவேண்டும். பெயர் போடவில்லை. எங்களைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு அது தேவையில்லை. பத்திரிகை வெள்ளிக்கிழமை வருகிறது. உன்னுடைய இரண்டாவது இன்ரர்வியூ அடுத்த வியாழக்கிழமை. போகமாட்டேன் என்று நீ குந்திக்கொண்டிருக்கிற அதே இன்ரர்வியூ. யோசிக்க உனக்கு நாள் இருக்கிறது.

இப்படிப்பட்ட கடிதங்களை வழக்கமாக நரைத்த தகப்பன்மார் எழுதுவார்கள். எனக்கு நாற்பத்திரண்டு வயது. நீ பிறந்தபோது நான் கல்லூரி முடிக்காத பெடியன். நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகக் கடைக்குப் போனால் அண்ணனும் தம்பியுமோ என்று கேட்கிறார்கள், நீ முகத்தைச் சுளிக்கிறாய். ஆகவே வாழ்க்கை, காலம், உறவு என்று பெருமூச்சு விட எனக்கு உரிமையில்லை, விருப்பமும் இல்லை. நான் மாடிக் கட்டடங்களில் லிஃப்டுகளை இயக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளைப் பொருத்தித் திருத்துகிறவன். எங்கே பழுது என்று தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். உன் விடயத்தில் பழுது எங்கே தொடங்கியது என்று எனக்குத் தெரியும். அங்கிளிடம் தொடங்கியது.

அங்கிளை இந்த ஊரில் அறியாதவர் குறைவு என்பதால் அவருடைய பெயரையும் விட்டுவிடுகிறேன். வீட்டுக்கடன் எடுத்துக் கொடுக்கிற மோட்கேஜ் தரகர். எந்தப் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும் ஒரு கையில் மட்டன் ரோலும் மறு கையில் யாரோ ஒரு பிள்ளையின் ரெஸ்யூமேயுமாக நிற்பார். இலவசமாகப் பார்த்துத் தருவார். இலவசமாகக் கிடைக்கிற எதையும் எங்கள் ஆட்கள் சோதித்துப் பார்ப்பதில்லை. போன மாதம் அஜின்கோர்ட்டில் நடந்த விழாவில் உன்னுடைய முறை வந்தது. நான் பிளேன்ரீக் கோப்பையோடு பின்னால் நின்றேன்.

“என்ன தம்பி, நாலு வருசம் ரியூசன் எண்டு போட்டிருக்கிறீர்?”

“ஓம் அங்கிள். மற்ஸ், ஃபிசிக்ஸ். பார்ட் ரைம்.”

“உதைத் தூக்கி எறியும். உது வேலையே? கம்பஸ் பிள்ளையள் கைச்செலவுக்குச் செய்யிறது. எஞ்சினியரிங் கொம்பனிக்காரன் உதைப் பாத்தா உம்மைப் பள்ளிக்கூட வாத்தி எண்டெல்லோ நினைப்பான்.”

“அப்ப என்ன போடுறது?”

“புரொஜெக்ட் லீட் எண்டு போடும். கம்பஸில ஏதும் குறூப்பாச் செய்திருப்பீர்தானே? எத்தினை பேர்?”

“நாலு பேர் அங்கிள். ஆனா லீட் எண்டு ஒருத்தரும்...”

“ஒருத்தரும் இல்லையெண்டா நீர்தான். ஆர் போய்க் கேக்கப் போறான்?” என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார். “பெடியனுக்கு மாக்கெற்றிங் காணாது, என்ன?”

அன்று வீட்டுக்கு வந்ததும் வராததுமாக நீ அந்த வரியை வெட்டினாய். நான்கு வருடச் சனிக்கிழமைகள் ஒரே அழுத்தில் போயின. அந்த இடத்தில் புரொஜெக்ட் லீட் வந்து உட்கார்ந்தது. வெட்டின ரெஸ்யூமேயை எந்த வேலைக்கு அனுப்பினாய்? மருத்துவமனைகளில் நோயாளியின் நரம்புக்குள் மருந்தை அளந்து ஏற்றுகிற பம்புகளைச் செய்யும் கொம்பனிக்கு. அவர்களுக்கு வேண்டியது, மருத்துவமனைக்குப் போய் புதுப் பம்பைப் பொருத்தி, அதை எப்படிப் பாவிப்பது என்று அங்கே வேலை செய்யும் தாதிமாருக்குப் படிப்பிக்கிற ஒரு இளம் எஞ்சினியர். படிப்பிக்கிற! விளம்பரத்தில் மேலேயும் இருக்கிறது, கீழேயும் இருக்கிறது. நீச்சல் தடாகத்தில் காவல் வேலைக்குப் போகிறவன், தனக்கு நீந்தத் தெரியும் என்பதை மறைத்துக்கொண்டு போன கதை இது. இதைச் செய்ய உனக்கு ஒரு ஆலோசகரும் தேவைப்பட்டிருக்கிறார்.

முதல் இன்ரர்வியூ கணினியில் நடந்தது. உன் அறைக்கும் குசினிக்கும் நடுவில் சுவர் என்ற பெயரில் ஒரு மட்டைதான் இருக்கிறது, ஆகவே நான் ஒட்டுக் கேட்டேன் என்று சொல்லாதே. கொம்பனியிலிருந்து பேசிய பெண்மணி அமைதியான குரலில் கேட்டார்: கடினமான ஒன்றை, அது விளங்காத ஒருவருக்கு நீங்கள் விளங்கப்படுத்திய சந்தர்ப்பம் ஒன்றைச் சொல்ல முடியுமா? நீ ஆரம்பித்தாய். பல்துறைக் குழு ஒன்றைத் தலைமை தாங்கினாயாம். பங்காளர்களின் எதிர்பார்ப்புகளை ஒருங்கிணைத்தாயாம். விளைவுகளை உச்சப்படுத்தினாயாம். நீ சொன்னது ஆங்கிலத்தில். தமிழில் எழுதிப் பார்க்கும்போது அதற்குள் ஒன்றுமே இல்லை என்பது இன்னும் வடிவாகத் தெரிகிறது. அவர் விடவில்லை. அந்தக் குழுவில் யாருக்கு, எது விளங்கவில்லை என்று கேட்டார். அதற்குப் பிறகு நீ தண்ணீர் குடிக்கிற சத்தம்தான் எனக்குக் கேட்டது.

இருந்தும் அவர் உன்னைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார். வியாழக்கிழமை றிச்மண்ட் ஹில்லில் உள்ள தங்கள் ஒஃபிஸுக்கு நேரில் வரச்சொல்லி, இந்தத் தடவை நீங்கள் தனியாகச் செய்த ஒன்றைப் பற்றிப் பேசுவோம் என்று எழுதியிருக்கிறார். அந்தக் கடிதத்தைக் காட்டிவிட்டு, நீ குசினியில் நின்று சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“நான் போகேல்லை அப்பா. திருப்பியும் போய் அசிங்கப்பட ஏலாது. அங்கிள் தன்ர ஒஃபிஸில வந்து சேரச் சொல்லுறார். மோட்கேஜ் லைசென்ஸ் மட்டும் எடுத்தாக் காணுமாம், வேறொண்டும் தேவையில்லையாம்.”

“அந்த மனிசி நீ தனியச் செய்ததைக் கேக்குது. ரியூசனைச் சொல்லன்.”

“சீரியஸ்லி அப்பா? ஐ டீச் கிட்ஸ் ஃபிராக்சன்ஸ் இன் எ பிளாசா. அது எக்ஸ்பீரியன்ஸே இல்லை. பக்கத்துக் கடை கொத்துரொட்டிக் கடை. நாங்கள் படிப்பிக்கேக்க டக டக எண்டு தகரத்தில அடிக்கிற சத்தம் கேக்கும். அதுக்கு மேலால கத்தினதை என்னண்டு ரெஸ்யூமேயில போடுறது?”

“அதையே போடன், காது நல்லாக் கேக்கும் எண்டு நினைப்பினம்,” என்று உன் அம்மா சிரித்தாள். நீயும் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நான் ரியூசனைக் கும்பிடுகிறவன் இல்லை. எங்கள் ஆட்கள் இந்த நகரத்தில் ரியூசன் வாங்குகிற விதத்தைப் பார்த்தால் எனக்கு அருவருப்புத்தான் வருகிறது. பிள்ளையைப் பிளாசா வாசலில் இறக்கிவிடுவார்கள். காரைத் திருப்பி நிறுத்தி, சீற்றைச் சாய்த்து, போனில் நாடகம் பார்ப்பார்கள். வகுப்பு முடிந்து பிள்ளை கதவைத் திறந்ததும் “படிச்சனியோ?” என்று ஒரு கேள்வி. பிள்ளை “ஓம்” என்னும். பிறகு இடியப்பம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். உள்ளே அதைவிட மோசம். உன்னை வேலைக்கு வைத்திருந்த, ரியூசன் நிலையத்தை நடத்துகிற சேர், தொண்ணூறுக்கு மேல் எடுத்த பிள்ளைகளின் படங்களைச் சுவர் முழுக்க ஒட்டியிருக்கிறார். அந்தப் பிள்ளைகள் அவரிடம் வராமல் கோழிக்கடையில் போய் இருந்திருந்தாலும் தொண்ணூறு எடுத்திருப்பார்கள். அவர் பலகையைப் பார்த்துக்கொண்டு தன்பாட்டில் கணக்கைச் செய்து முடிப்பார். முடித்துவிட்டுத் திரும்பி, “எல்லாருக்கும் விளங்கிச்சோ?” என்பார். “ஓம் சேர்” என்று ஒரே குரலாக வரும். வராமல் என்ன செய்யும்? விளங்கவில்லை என்று சொல்வது, நீங்கள் ஒழுங்காகப் படிப்பிக்கவில்லை என்று பெரியவர் ஒருவரின் முகத்துக்கு நேரே சொல்கிற மாதிரி. அப்படித்தான் எங்கள் பிள்ளைகளை வளர்த்து வைத்திருக்கிறோம். மரியாதைக்காகச் சொல்லப்படுகிற அந்தப் பொய்யின் மேல் ஒரு வியாபாரமே ஓடுகிறது.

நீயும் முதல் வருடம் அந்தச் சேரைப் போலத்தான் படிப்பித்தாய். விளங்கிச்சோ, ஓம் அண்ணா, அடுத்த கணக்கு. பிறகு ஜெனிற்றா வந்தாள். அது அவளுடைய சொந்தப் பெயர் இல்லை, நான் மாற்றியிருக்கிறேன். மன்னார்ப் பக்கத்துக் குடும்பம், தாய் முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறார், பிள்ளை கிறேட் லெவன். முத்து முத்தான கையெழுத்து. எதைச் சொன்னாலும் தலையாட்டுவாள். பள்ளிக்கூடச் சோதனைகளில் மட்டும் தொடர்ந்து விழுந்துகொண்டிருந்தாள். மொக்குப் பிள்ளை, ஏதாவது கொடுத்து நேரத்தைப் போக்காட்டும் என்று சேர் உனக்குச் சொல்லியிருக்கிறார். அன்று உன்னை ஏற்ற வந்த என் காருக்குள் ஏறி, பெல்ற்றையும் போடாமல் நீ சொன்னாய்: “அவள் மொக்கு இல்லை அப்பா. எங்கயோ ஒரு இடத்தில பிழைச்சிருக்கு. எங்கயெண்டுதான் பிடிபடேல்லை.”

அந்த வசனத்தை எங்கள் கொம்பனியில் பத்து வருடம் வேலை செய்தவனும் சொல்லமாட்டான். ஏழாம் மாடியில் லிஃப்ட் கதவு திறக்காவிட்டால் ஏழாம் மாடிக் கதவைப் பிடித்து இழுத்துக்கொண்டு நிற்பான். பழுது வேறெங்கோ கிடக்கும். நீ அடுத்த சனிக்கிழமை ஜெனிற்றாவின் கையில் பலகைப் பேனையைக் கொடுத்துவிட்டு அவளுடைய கதிரையில் போய் இருந்தாய். இப்ப நீதான் ரீச்சர், எனக்கு ஒண்டும் தெரியாது, சொல்லித்தா என்றாய். அவள் பேனை மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாக நின்றாள். நீ உதவிக்குப் போகவில்லை. நான் வகுப்பறைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன், எனக்கே உள்ளே போய் விடையைச் சொல்லிவிடலாம் போல இருந்தது. கடைசியில் அவள் எழுதத் தொடங்கினாள். அவள் எழுத எழுத, நீ ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினாய். கிறேட் லெவனில் பிழை இல்லை, ரென்னில் இல்லை, நைனில் இல்லை. இரண்டு பின்னங்களைக் கூட்டச் சொன்னபோது மேலே இருப்பதை மேலே இருப்பதோடும், கீழே இருப்பதைக் கீழே இருப்பதோடும் கூட்டி, அழகாகக் கோடிட்டு வைத்தாள். கிறேட் சிக்ஸில் நடந்த பிழை. அதற்கு மேல் பல வருடம் நல்ல கையெழுத்தில் கட்டடம் எழுப்பியிருக்கிறாள். எந்த ஆசிரியரும் காணவில்லை, ஏனென்றால் எல்லாரும் அவளிடம் விளங்கிச்சா என்று மட்டும்தான் கேட்டிருக்கிறார்கள்.

நீ அவளுக்கு அரையும் காலும் படிப்பிக்கத் தொடங்கினாய். அடுத்த சனிக்கிழமையே தாய் பிளாசாப் பார்க்கிங்கில் உன்னைப் பிடித்துக்கொண்டார். வேலை உடுப்போடு வந்திருந்தார். சுற்றிவரக் கார்களுக்குள் பெற்றோர். எல்லார் காதும் அங்கேதான்.

“தம்பி, ஒருக்கா நில்லும். என்ர பிள்ளை கிறேட் லெவன். நீர் கிறேட் சிக்ஸ் கணக்குச் செய்விக்கிறீராம்?”

“ஓம் அன்ரி.”

“என்ன ஓம் அன்ரி? நான் அங்க கிழடுகளைத் தூக்கிக் குளிப்பாட்டிப்போட்டு இடுப்பு முறிஞ்சு வாறன். வந்து கொப்பியைப் பாத்தா அரையும் காலும்! அவளின்ர தம்பிக்காரன் பாத்துச் சிரிக்கிறான். அவனுக்குத் தெரியுமாம் உது!”

சேர் உள்ளே இருந்து ஓடி வந்தார். “அன்ரி, அன்ரி, ரென்சன் ஆகாதேங்கோ. வாற கிழமையில இருந்து முழுக்கக் கிறேட் லெவன்தான். நான் பொறுப்பு.”

யார் கத்துகிறார்களோ அவர்கள் சொல்வது சரி என்பது சேரின் கல்விக் கொள்கை. நான் கார்க் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கினேன்.

“இல்லை சேர்,” என்றாய் நீ. “நான் கிறேட் லெவன் செய்யமாட்டன். அன்ரி, அவள் உங்களை ஏமாத்தேல்லை. விளங்கேல்லை எண்டு சொல்லப் பயம், அவ்வளவுதான். கீழ உடைஞ்சு கிடக்கேக்க நான் மேல மேல ஏத்திக்கொண்டு இருந்தனான். அது என்ர பிழை. எனக்கு ரெண்டு கிழமை தாங்கோ. பிறகும் ஒண்டும் சரிவரேல்லையெண்டா ஆளை மாத்துங்கோ. நானே வேற ஆளைப் பிடிச்சுத் தாறன்.”

அந்தத் தாய் உன்னை மேலும் கீழும் பார்த்தார். “ரெண்டு கிழமை. அதுக்குப் பிறகு நான் உள்ளுக்க வந்து குந்தியிருந்து பாப்பன்.”

“வாங்கோ அன்ரி. கதிரை போட்டு வைக்கிறன்.”

யாரோ ஒரு காருக்குள் இருந்து சிரித்தார்கள். அந்தத் தாய் சிரிக்காமல் போனார், ஆனால் பிள்ளையை நிற்பாட்டவில்லை. மகனே, எங்கள் கொம்பனியில் கழுத்துப் பட்டி கட்டிய முகாமையாளர்கள் இருக்கிறார்கள். லிஃப்ட் இன்னும் ஒரு மாதம் ஓடாது என்று கட்டடக்காரரிடம் சொல்லத் தெரியாமல், “பார்த்துக்கொண்டிருக்கிறோம்” என்று மின்னஞ்சலுக்கு மேல் மின்னஞ்சல் எழுதுகிறார்கள். கோபத்தோடு நிற்கிற ஒருவருக்குக் கெட்ட செய்தியைச் சொல்வது, தன்னுடைய பிழையைத் தன்னுடையது என்று சொல்வது, இத்தனை நாள் தா என்று கேட்பது, சரிவராவிட்டால் என்ன செய்யலாம் என்பதையும் அவர் கையில் கொடுப்பது. இதற்கு அவர்களை ஹோட்டலில் தங்கவைத்துப் பயிற்சி கொடுக்கிறார்கள். திரும்பி வந்தும் செய்யத் தெரியவில்லை. நீ அதைக் கொத்துரொட்டிச் சத்தத்துக்கு நடுவில் நின்று செய்தாய். செய்துவிட்டு, அது அனுபவமே இல்லை என்கிறாய்.

படிப்பித்தால் பொறுமை வரும் என்று ஊரில் சொல்லித் திரிகிறார்கள். சுத்தப் பொய். நானும் படிப்பித்தவன். நீ கைக்குழந்தையாக இருந்த காலத்தில் பார்க்டேல் மாடிக் கட்டடங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துத்தான் உனக்குப் பால்மா வாங்கினேன். எனக்குப் பொறுமை வந்ததா? உனக்குப் படிப்பிக்க இரண்டு தரம் முயன்றேன், இரண்டு தரமும் உன் அம்மா கொப்பியைப் பறித்துக்கொண்டு போனாள். எனக்கு வந்தது சந்தேகம். தலையாட்டுகிற எவரையும் நம்பாத சந்தேகம். அது கெட்ட குணம் என்று உன் அம்மா சொல்வாள். அந்தக் கெட்ட குணத்தால் செந்தில் இன்றைக்கு உயிரோடு இருக்கிறார்.

செந்திலை உனக்குத் தெரியும், தீபாவளிக்கு முறுக்குக் கொண்டு வருகிறவர். கோயம்புத்தூரில் எஞ்சினியரிங் படித்துவிட்டு வந்து எங்கள் கொம்பனியில் சேர்ந்தபோது, பாதுகாப்புப் பயிற்சி என்று ஒருவர் வந்து நாள் முழுக்கத் திரையில் படங்களை ஓடவிட்டார். கடைசியில் கேள்வி ஏதும் உண்டா என்றார். செந்தில் இல்லை என்றார். சான்றிதழ் கொடுத்துவிட்டார்கள். அடுத்த நாள் பழைய கட்டடம் ஒன்றின் உச்சியில், இயந்திர அறையில் நாங்கள் இரண்டு பேரும் நின்றோம். எனக்குப் பழைய பழக்கம். “செந்தில், நான் இண்டைக்குத்தான் வேலைக்கு வந்த ஆள் எண்டு வையுங்கோ. எனக்குச் சொல்லித் தந்துகொண்டே செய்யுங்கோ,” என்றேன்.

“அதெல்லாம் நேத்தே புரிஞ்சுது சார்.”

“எனக்குப் புரியேல்லை. சொல்லுங்கோ.”

சொல்லத் தொடங்கினார். பிரதான மின்சார ஆளியை அணைக்க வேண்டும், அணைத்தார். பூட்டுப் போட வேண்டும், போட்டார். இனிப் பெட்டியைத் திறக்கலாம் என்று சொல்லிக் கொண்டே திறந்து, கையை உள்ளே நீட்டினார். நான் அவருடைய கையைப் பிடித்து இழுத்தேன். அந்தக் கட்டடத்தில் இரண்டு லிஃப்ட். ஒன்றுக்கு மின்சாரத்தை அணைத்தாலும், பக்கத்து லிஃப்டிலிருந்து வருகிற கம்பி அதே பெட்டிக்குள் உயிரோடு இருக்கும். தொடுவதற்கு முன் மின்னழுத்த மானியை வைத்துப் பார்க்க வேண்டும். நேற்றைய படங்களில் அது இருந்தது. செந்தில் மானியை எடுத்து அந்தக் கம்பியில் வைத்துப் பார்த்தார். பிறகு, “அந்த இடம் எனக்குப் புரியல சார். கேட்டா, இவன் என்னத்தப் படிச்சிட்டு வந்தான்னு நினைப்பாங்களோன்னு இருந்துச்சு. புது இடம் இல்லையா?” என்றார். படித்த மனிதன், கெட்டிக்காரன். ஜெனிற்றாவின் அதே தலையாட்டல். நான் பார்க்டேலில் படிப்பித்திராவிட்டால், எனக்கும் கேள்வி ஏதும் உண்டா என்று கேட்டுவிட்டுப் போகத்தான் தெரிந்திருக்கும்.

இப்போது உன்னுடைய பம்புக்கு வருகிறேன். நீ ஒரு மருத்துவமனைக்குப் போவாய். பன்னிரண்டு மணித்தியாலம் நின்று களைத்த தாதி ஒருவர் உனக்கு முன்னால் நிற்பார். நீ பொத்தான்களைக் காட்டுவாய். அவர் தலையாட்டுவார். வீட்டுக்குப் போகவேண்டும் என்பதற்காக ஆட்டுவார், உன் மனம் நோகக்கூடாது என்பதற்காக ஆட்டுவார், பக்கத்தில் நிற்கிற தாதிக்கு விளங்கிவிட்டது போல இருக்கிறதே என்பதற்காக ஆட்டுவார். புரொஜெக்ட் லீட் ஒருவன் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவான். அடுத்த நாள் அந்தப் பம்ப் யாரோ ஒரு நோயாளியின் கையில் பொருத்தப்பட்டிருக்கும். நீயென்றால் போகமாட்டாய். பம்பை அவர் கையில் கொடுத்துவிட்டு, எனக்கு ஒன்றும் தெரியாது, சொல்லித் தாருங்கள் என்பாய். அந்தப் பெண்மணி முதல் இன்ரர்வியூவில் தேடியது இதைத்தான். உன்னிடம் அது இருந்தது. நீ அதை மறைத்து வைத்துக்கொண்டு அவருக்கு வெறும் சொல்லை அள்ளிக் கொடுத்தாய்.

வியாழக்கிழமை கொண்டுபோகிற ரெஸ்யூமேயில் அந்த வரியைத் திரும்பப் போடு என்றதும், நீ அதற்குச் சோடனை செய்யத் தொடங்குவாய் என்பது எனக்குத் தெரியும். கல்வி ஆலோசகர் என்று போடாதே. தொடர்பாடல் திறன், நேர முகாமைத்துவம், தலைமைத்துவம் என்று கீழே அடுக்காதே. அது ஊரெல்லாம் எழுதுகிற குப்பை, வாசிக்கிறவருக்குக் கொட்டாவி வரும். பிளாசாவில் உள்ள ஒரு நிலையத்தில் நான்கு வருடம் கணக்கும் பௌதிகமும் படிப்பித்தேன் என்று எழுது. மிச்சத்தை அவர் கேட்பார், நீ வாயால் சொல்.

அங்கிளின் ஒஃபிஸுக்குப் போவதென்றால் அதுவும் ஒரு வேலைதான், நான் காலைக் கட்டிப் போடமாட்டேன். ஆனால் ஏன் போகிறாய் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த வேலை பிடித்து நீ போகவில்லை. அங்கே உன்னை யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்பதற்காகப் போகிறாய். அங்கே வருகிற எங்கள் சனமும் வட்டி வீதத்தைச் சொல்லும்போது ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடும். அந்தத் தலையாட்டலில்தான் அங்கிளின் பெரிய வீடு நிற்கிறது. அவர் இதை வாசித்துவிட்டு எனக்குப் போன் அடிப்பார். அடிக்கட்டும், முன்பே அவர் முகத்துக்கு நேரே சொன்னதைத்தான் எழுதியிருக்கிறேன். உன்னால் அங்கே ஒரு மாதம் இருக்க முடியாது. மூன்றாம் நாளே யாரோ ஒரு அன்ரியைக் கதிரையில் இருத்தி, நீங்கள் எதற்குக் கையெழுத்துப் போடுகிறீர்கள் என்று எனக்குச் சொல்லுங்கோ பாப்பம் என்று கேட்பாய். நான்காம் நாள் அங்கிள் உன்னை வீட்டுக்கு அனுப்புவார்.

இதுவரை வாசித்துக்கொண்டு வந்த பெற்றோர்கள் எல்லாரும் ஒன்றைத்தான் தேடிக்கொண்டு வந்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஜெனிற்றாவுக்கு என்ன மார்க்ஸ்? சொல்கிறேன். எழுபத்தொன்று. தொண்ணூறு இல்லை, எண்பதும் இல்லை. சேரின் சுவரில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. ஆனால் வருடக் கடைசியில் ஒருநாள், சேரே வந்து எடுத்த வகுப்பில், அவர் வழக்கம்போல எல்லாருக்கும் விளங்கிச்சோ என்று கேட்க, எல்லாரும் ஓம் என்க, அந்தப் பிள்ளை கையைத் தூக்கி, “இல்லை சேர், எனக்கு உது விளங்கேல்லை. திருப்பிச் சொல்லுங்கோ,” என்றதாம். சேருக்கு முகம் கறுத்துப் போனதாம். காருக்குள் வந்து நீதான் எனக்குச் சொன்னாய், சொல்லும்போது ஸ்ரியரிங்கில் இருந்த என் கையை விறுக்கென்று பிடித்தாய், நான் கிட்டத்தட்டக் குப்பைத் தொட்டியில் மோதப் பார்த்தேன். தாய் பிறகு உன்னிடம் வந்து முறைப்பட்டாரே, நினைவிருக்கிறதா? “தம்பி, முந்தி வாயே திறக்காள். இப்ப வீட்டில எல்லாத்துக்கும் ஏன், எதுக்கு, விளங்கேல்லை எண்டு கேட்டு என்ர உயிரை எடுக்கிறாள். நீர்தான் பழக்கிவிட்டனீராம்.” சொல்லிவிட்டு, வீட்டில் செய்த கேக் துண்டுகளை ஒரு பெட்டியில் உன் கையில் திணித்துவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை றிச்மண்ட் ஹில்லுக்குப் போய் இதைச் சொல். பின்னத்தைச் சொல், பார்க்கிங்கைச் சொல், முதல் வருடம் நீயும் தலையாட்டலை நம்பினாய் என்பதையும் சொல். அவர் கட்டாயம், கடைசியில் அந்தப் பிள்ளை எவ்வளவு எடுத்தாள் என்று கேட்பார். எழுபத்தொன்று என்று சொல். ஒன்றும் கூட்டாதே.

அப்பா